நடையில் ஓடிய இன்ஜின்

அந்த வருஷம் மார்கழி பிறந்ததிலிருந்து எனக்குத் தினமும் காலையில் தலை வலித்தது. முதல் பிள்ளை உண்டாகியிருந்த நேரம். வாந்தியும் தலைசுற்றலும் எல்லோருக்கும் வருவதுதான், அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் இந்தத் தலைவலி வேறு மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்கும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். எழுந்து நின்றால் முழங்கால் துணியாகத் துவளும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போகும். மத்தியானம் நான் நன்றாகவே இருப்பேன். மறுநாள் காலையில் மறுபடியும் அதே.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னால் சிரித்தாள். "மசக்கைன்னா அப்பிடித்தான் இருக்கும். நீ வயித்துல இருந்தப்போ நான் தறிமேலயே கவுந்து கெடந்தேன்" என்றாள்.

அப்போது நாங்கள் திருத்தணியில் மலையடிவாரத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். கீழ்ப்போர்ஷன் எங்களுக்கு, மாடியில் வீட்டுக்காரர்கள். தெருக்கதவைத் திறந்தால் நீளமாக ஒரு நடை. ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் படும், அவ்வளவுதான் அகலம். நடையின் ஒரு பக்கம் நாங்கள் படுக்கும் அறை, கோடியில் சமையல்கட்டு, அதைத் தாண்டினால் பின்கதவு. குளியலறை வெளியே முற்றத்தில். மாடிக்குப் போகிற படியும் அந்த முற்றத்திலிருந்துதான். நடையில் வேறு எதையும் வைக்க முடியாதபடி எங்கள் வண்டி நிற்கும். சந்தில் விட்டால் காணாமல் போய்விடும் என்று எல்லோரும் வண்டியை வீட்டுக்குள் ஏற்றுகிற தெரு அது.

என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழகியதால் கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நின்றுவிட்டது. அரக்கோணத்தில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. விடிவதற்கு முன் திருத்தணி ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டும். அதை விட்டால் அடுத்த வண்டியில் போய்ச் சேர்வதற்குள் பட்டறையில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. இரண்டு மூன்று தடவை அப்படி ஆனால் அப்புறம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். போன வருஷம் அவரோடு வேலை பார்த்த ஒருத்தரை அப்படித்தான் அனுப்பினார்கள். அந்தப் பயம் பாவாவுக்கு எப்போதும் உண்டு.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் ரொம்பத் தூரமில்லை. வண்டியில் கிளம்பினால் மலையில் போட்டிருக்கும் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். போய் ஸ்டாண்டில் விட்டால் ராத்திரி வரைக்கும் அங்கேயே நிற்கும். திரும்பி வரும்போதும் அதே தூரம். பழைய வண்டி. அவருடைய சித்தப்பா பல வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். சித்திரை வைகாசியில் ஒரே உதையில் கிளம்பிவிடும். கார்த்திகை பனி விழ ஆரம்பித்ததும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. உதைத்து உதைத்து அவருக்கு வேர்த்துவிடும். கிளம்பினாலும் சந்து முனையில் இருமி நிற்கும்.

ஒருநாள் ரயில் புறப்பட்டிருக்க வேண்டிய நேரத்துக்கு அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. திருப்பதி ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது நடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டதாம். அந்த வண்டியில் இன்ஜின் நின்றால் ஹெட்லைட்டும் அணைந்துவிடும். பனியில் எதிரே இருப்பது தெரியவில்லை. ஜல்லி லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி அவரை உரசுகிற மாதிரி போயிருக்கிறது.

"லாரிக்காரன் மேல தப்பில்ல. நான் இருந்ததே அவனுக்குத் தெரியாது" என்றார். அன்றிலிருந்து அவர் கிளம்பிப் போன பிறகு ரயிலேறிவிட்டேன் என்று போன் வருகிறவரை நான் படுக்கையில் விழித்துக்கொண்டே கிடப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அரக்கோணம் ரோட்டில் புளியமரத்துக்குக் கீழே கடை வைத்திருந்தார். பாவாவுக்கு வேண்டியவர். பிளக்கைக் கழற்றிக் காட்டினார், அடுப்பில் கிடந்தது போலக் கரி பிடித்திருந்தது. இன்ஜின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து அதன் உள்பக்கத்தையும் காட்டினார். பால் அதிகமான காப்பியின் ஆடை போல வெளுப்பாக ஏதோ படிந்திருந்தது.

"இது இன்னா தெரியுதா? தண்ணி. இன்ஜின் சூடாவறதுக்கு முன்னயே நீ ஸ்டேஷன்ல நிறுத்திடற. உள்ள வேர்த்துகினு அந்தத் தண்ணி ஆயில்ல கலந்துகினே கீது. நல்லா சூடு ஏறினா அது ஆவியா பூடும். உன் வண்டிக்கு சூடே ஏறறதில்ல" என்றார்.

"அப்ப இன்னாண்ணா பண்றது?" என்றார் பாவா.

"காலையில சோக்கைப் புடிச்சி ஸ்டார்ட் பண்ணிட்டு ஒரு பத்து நிமிசம் அப்பிடியே ஓட வுடு. சூடு ஏறின வண்டி ரோட்ல நிக்காது."

ரோட்டில் நிற்காது என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது எங்களுக்கு. எனக்கும்தான்.

மறுநாளிலிருந்து பாவா வண்டியைச் சந்தில் இறக்கி ஓட விட்டார். மூன்றாம் நாள் மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த உடம்பு. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். வாடகைக்கு வந்த நாளிலிருந்து அவர் எங்களிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. துணி எங்கே காயப்போடுகிறாய், குழாயை ஏன் இவ்வளவு நேரம் திறந்துவைக்கிறாய் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

"ஏம்ப்பா, இந்த நேரத்துல சந்துல நின்னுகினு டுபுடுபுன்னு வுட்டுகினு இருக்கிறியே, மனுசங்க தூங்க வேணாவா? எங்க வூட்டுக்காரருக்கு பிரஷரு" என்றார்.

பாவா யாரோடும் சண்டைக்குப் போகிறவர் இல்லை. அடுத்த நாளிலிருந்து வண்டியை நடையிலேயே ஓட விட்டார். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தெருக்கதவைச் சாத்தினார். கொசுவுக்காகக் கதவுக்கு மேலிருந்த ஜன்னலில் அட்டை வைத்து அடைத்தது ஏற்கெனவே இருந்தது. எனக்குச் சளி பிடித்துவிடக் கூடாது என்று பின்கதவையும் சாத்திவிட்டுத்தான் முற்றத்துக்குக் குளிக்கப் போவார். குளித்துவிட்டு வந்து தெருக்கதவைத் திறந்து, வண்டியைத் தள்ளி இறக்கி, சத்தம் போடாமல் போய்விடுவார். பெட்ரோல் வாசனை வயிற்றைப் பிரட்டும் என்று நான் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனால் கதவுக்கடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

வண்டி அதன் பிறகு ரோட்டில் நிற்கவில்லை.

எனக்கு எப்போது இந்த வீட்டின் மேல் பயம் வந்தது என்று யோசித்துப் பார்த்தால், பொங்கலுக்கு அம்மையார்குப்பம் போய்விட்டு வந்த பிறகுதான் என்று தோன்றுகிறது. அம்மா வீட்டில் இருந்த நாளெல்லாம் எனக்குத் தலைவலியே இல்லை. பக்கத்து வீட்டு விசைத்தறி விடியும்போதே தடதடவென்று ஆரம்பித்துவிடும், அப்படியும் வலி இல்லை. காலையில் எழுந்து கோலம் போட்டேன். கரும்பு கடித்தேன். நைனா என்னைப் பார்த்து, "எம்பொண்ணு முகத்துல களை வந்திருக்குது பாரு" என்றார். திருத்தணிக்குத் திரும்பிய மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வலிக்கவில்லை என்பதை அப்போது கவனித்தேன். கவனித்தும் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பாவா வீட்டில் இருக்கிறார், அதனால் எதுவும் கிட்டே வருவதில்லை என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா முன்பே சொல்லியிருந்தாள், வீட்டுக்காரருடைய அம்மா நாங்கள் படுக்கிற அறையில்தான் ரொம்ப நாள் கிடந்து இறந்தாராம். நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து அந்த அம்மாள் வந்து நெஞ்சில் உட்காருகிறாள் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அதற்கேற்றபடி எல்லாமே நடந்தது. காலையில் கண் திறந்தால் அறையின் மூலையில் யாரோ குந்தியிருப்பது போல இருக்கும். காதில் கும்மென்று ஒரு இரைச்சல். கையைத் தூக்க நினைத்தால் கை கொஞ்சம் தாமதமாகத்தான் எழும்.

பாவாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரும்பு பக்கத்தில் இருந்தால் எதுவும் அண்டாது என்று தன் வண்டிப் பையிலிருந்து ஒரு பழைய ஸ்பேனரை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தார். மலைக்குப் போய் விபூதி வாங்கி வந்து பூசிவிட்டார். "சித்திரையில வேற வூடு பாக்கலாம். அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்றார். அவர் என் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. என்னைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தார்.

தை மாதத்தில் ஒரு காலை, பனி வழக்கத்தைவிட அதிகம். வண்டி கிளம்பவே இல்லை. அரைத்தூக்கத்தில் அவர் உதைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளம்பும், இரண்டு மூச்சு விட்டுவிட்டு அணையும். கடைசியில் சோக்கை முழுவதும் இழுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரையும் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறார் போல. சத்தம் சீராக நின்றது. அப்பாடா என்று நானும் நினைத்துக்கொண்டேன். பின்கதவு சாத்துகிற சத்தம், முற்றத்தில் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

பிறகு நான் தூங்கினேனா என்று தெரியாது. விழிப்பு வந்தபோது மண்டைக்குள் யாரோ கடப்பாரையால் இடித்தார்கள். வாந்தி தொண்டை வரை வந்து நின்றது. குளியலறைக்குப் போக வேண்டும் என்று எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன். கால் தரையில் இருந்தது, ஆனால் அது என் கால் இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அறைக்கதவு வரை போனேன். தாழ்ப்பாளைத் தள்ள விரலுக்குச் சொன்னால் விரல் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளித் திறந்தேன். நடையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம். வண்டி என்னைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு நாலு எட்டுத் தூரம்தான். அங்கே போய்விட்டால் பாவா இருக்கிறார் என்று தெரிகிறது. போக முடியவில்லை. பாவா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். மூச்சு மட்டும் வந்தது.

அப்போது எனக்கு வந்த பயத்தைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரியாக வரவில்லை. செத்துவிடுவோம் என்று கூட நினைக்கவில்லை. உடம்புக்குள் நான் தனியாகப் பூட்டப்பட்டுவிட்டேன், வயிற்றில் இருக்கிறதும் என்னோடு பூட்டப்பட்டுவிட்டது, வெளியே இருக்கிற யாருக்கும் இது தெரியாது என்று தோன்றியது. வண்டி டேங்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கீழே சரிந்தேன். சிமெண்டுத் தரை ஜில்லென்று கன்னத்தில் பட்டது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

மீதியெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

வீட்டுக்கார அம்மா மாடியில் படுத்திருந்தவர், கதவு சாத்தியிருந்தும் இன்ஜின் சத்தம் தரை வழியாக அதிர்ந்து கேட்டதில் எழுந்துவிட்டார். அன்றைக்கு ஆக்ஸிலரேட்டர் ஏற்றியிருந்ததால் சத்தம் அதிகம். நிற்கும் நிற்கும் என்று பார்த்திருக்கிறார். நிற்கவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கியிருக்கிறார். குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியிருக்கிறது. வண்டியை ஓட விட்டுவிட்டு இவன் பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருக்கிறானே என்று, திட்டிக்கொண்டே எங்கள் பின்கதவைத் தள்ளித் திறந்திருக்கிறார். உள்ளிருந்து வந்த புகை முகத்தில் அடித்திருக்கிறது. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் என் தலை.

"நீ செத்துப் பூட்டன்னே நெனச்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அவர் போட்ட கூச்சலில் பாவா ஈரத்துண்டோடு ஓடி வந்தார். இருவருமாக என்னை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார்கள். தெருக்கதவைத் திறந்ததும் யாரோ வந்து வண்டியை அணைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். ஆட்டோவில் வீட்டுக்கார அம்மாவின் மடியில்தான் என் தலை இருந்தது. வழியெல்லாம் என் கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தாராம், தூங்கவிடக் கூடாது என்று.

எனக்குக் கொஞ்சம் நினைவு வந்தபோது முகத்தில் மாஸ்க் இருந்தது. ஆஸ்பத்திரி வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் பாவாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரூம்ல அடுப்புக்கரி ஏதாவது எரிய வச்சிருந்தீங்களா? ஜெனரேட்டர்?"

"இல்லீங்க மேடம். வண்டிதாங்க. சூடேத்தறதுக்கு நடையில ஓட வுட்டிருந்தேன்."

"கதவு?"

"ரெண்டு பக்கமும் சாத்தியிருந்தேங்க" என்றார் பாவா. டாக்டரம்மா என் மாஸ்க்கைச் சரிசெய்தார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார். வண்டிப் புகையில் ஒரு விஷக்காற்று இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. பெட்ரோல் வாசனை போய்விட்டால் அதுவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ரத்தம் ஆக்சிஜனை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். "எத்தனை நாளா இப்படி ஓட விடுறீங்க?" என்று கேட்டார்.

பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில்தான் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்தது. மார்கழியிலிருந்து ஒவ்வொரு காலையும் எனக்கு வலித்த தலை. வலிக்காத ஞாயிற்றுக்கிழமை. அம்மையார்குப்பத்தில் கிடைத்த நிம்மதி. மூலையில் குந்தியிருந்த கிழவி. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மாஸ்க்கை விலக்கி, "குழந்தை?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா மாஸ்க்கைத் திரும்ப வைத்தார். "அம்மாவோட ரத்தத்துல இருந்து அது சீக்கிரம் போயிடும். குழந்தைகிட்ட இருந்து போக இன்னும் நேரமாகும். அதனால உங்களுக்குச் சரியானாலும் இந்த மாஸ்க்கை எடுக்கக் கூடாது. திருவள்ளூருக்கு அனுப்புறேன். அங்க ஸ்கேன் பார்ப்பாங்க."

திருவள்ளூர் போகிற வழியெல்லாம் ஆம்புலன்ஸில் நான் மூச்சை வேகவேகமாக இழுத்தேன். நான் எவ்வளவு இழுக்கிறேனோ அவ்வளவும் உள்ளே போகும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இழுக்க வேண்டாம் என்று கூட வந்த நர்ஸ் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஸ்கேனில் இதயம் துடித்தது. திரையில் ஒரு அரிசி அளவு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. "இருக்கு" என்றார் பார்த்தவர். பிறகு நான் கேட்காமலேயே, "இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான் அடுத்த ஆறு மாசமும் வாழ்ந்தேன்.

என்னை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பாவா ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் வந்து போனார். வண்டியை அவர் தொடவே இல்லை. இருட்டில் ஸ்டேஷனுக்கு நடந்தார். நாய்க்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்து ஒரு நாள் ரயிலை விட்டுவிட்டார், பட்டறைக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை, எதிர்வீட்டு அக்கா போனில் சொன்னாள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், வீட்டுக்கார அம்மாதான் மாடியிலிருந்து குழம்பு கொடுத்தனுப்புகிறார் என்றும் சொன்னாள்.

நான்தான் வண்டியைச் சரி பண்ணச் சொன்னேன். வண்டியை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் இல்லை. தெருவில் யார் வண்டி ஸ்டார்ட் ஆனாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் இருட்டில் அவர் நடந்து போவதை நினைத்தால் அதைவிட அதிகமாக வேர்த்தது. பயத்திலும் பெரியது சின்னது இருக்கிறது.

மெக்கானிக் தானே அம்மையார்குப்பத்துக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நான்தாம்மா சொன்னேன், ஓட வுடுன்னு. எங்க கடைக்கு செவுரே கெடையாது. வூட்டுக்குள்ள வுடுவாரு, கதவை சாத்திகினு வுடுவாருன்னு நான் நெனைக்கவே இல்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. நைனா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிறகு அவர் சொன்னதை நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டேன். நின்ற இடத்தில் ஓட விடச் சொன்னதே தப்பு, வண்டி ரோட்டில் நிற்காதே தவிர ஆயிலில் இருக்கிற தண்ணீர் போகிற அளவுக்குச் சூடேறாது. பெட்ரோல்தான் கரியாகப் படியும். தெருவுக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சோக்கைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு இறக்கிவிட வேண்டும். உடனே கிளம்பி, முதலில் முறுக்காமல் மெதுவாகப் போனால் ஓடுகிற ஓட்டத்திலேயே சூடேறும். வாரத்துக்கு ஒரு தடவையாவது தூரமாக ஓட்டினால்தான் ஆயிலில் சேர்ந்த தண்ணீர் ஆவியாகும். பனிக்காலத்தில் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும். இன்ஜின் நின்றாலும் எரிகிற மாதிரி பின்னால் ஒரு சிவப்பு லைட்டைத் தனி பேட்டரியில் போட்டுத் தருகிறேன் என்றார். போட்டும் கொடுத்தார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாவா பஸ்ஸில் வரவில்லை. ஆர்.கே.பேட்டை வழியாக வண்டியிலேயே வந்தார். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, தறிக்கொட்டகைப் பக்கம் அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். நான் கேட்டுக்கொண்டது இல்லை அது.

வயிறு பெருத்தது. பிள்ளை அசைய வேண்டிய மாதத்தில் அசைந்தது. அசைகிற நாளில் இது சரியான அசைவுதானா என்று பயம், அசையாத மத்தியானத்தில் அதைவிடப் பயம். ஒவ்வொரு ஸ்கேனிலும் தலை எவ்வளவு, கால் எவ்வளவு என்று அவர்கள் அளந்து சொல்லும்போது ஸ்கேன் எடுக்கிற பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். மூளையும் சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். பார்க்கிற வரைக்கும் சரி என்பார். பார்க்க முடியாத இடம் ஒன்று மிச்சமிருப்பது போல அது எனக்குக் கேட்கும்.

ஆடியில், மலை ஏறுகிற காவடிக் கூட்டத்தால் ரோடெல்லாம் அடைத்திருந்த நாட்களில், பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். நான் அவள் விரல்களை எண்ணவில்லை. கண்ணைப் பார்த்தேன். எதையோ யோசிப்பது போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மா கூட்டத்தில் இடிபட்டு வியர்த்து வந்து சேர்ந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தெலுங்கில் ஏதேதோ சொல்லி நெட்டி முறித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வூட்டுக்கு வந்தா குழாயை மூடி வைக்கக் கத்துக்கோ. கைக்கொழந்தைக்காரி, தண்ணி நிறைய வேணும்" என்றார்.

அதே வீட்டுக்குத்தான் திரும்பினோம். பாவா வேறு வீடு பார்த்துவைத்திருந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். மாடியில் அந்த அம்மா இருக்கிற வீட்டில் இருப்பதுதான் எனக்குத் தைரியமாக இருந்தது. கதவுக்கு மேலிருந்த அட்டை போய்க் கம்பிவலை வந்திருந்தது. வண்டி நடையில்தான் நின்றது. ஆனால் காலையில் அவர் அதைச் சந்து முனை வரை தள்ளிக்கொண்டு போவார்.

அடுத்த மார்கழி வந்தது. பனி விழ ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாவா எழும்போதே எழுந்து, அவர் வண்டியை வெளியே தள்ளுகிறவரை குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு அறைவாசலில் நிற்பேன். ஒருநாள் அசந்துவிட்டேன். கண் விழித்தபோது தலை தெறித்தது. பக்கத்தில் அவர் இல்லை. காதில் கும்மென்ற இரைச்சல்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு நடையில் ஓடினேன். தெருக்கதவு திறந்துதான் இருந்தது என்பது கூட மனசில் படவில்லை. செருப்பில்லாமல், முந்தானை தரையில் இழுபட, பனியில் சந்து முனை வரை ஓடினேன். அங்கே பாவா வண்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையோடு ஓடி வருவதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பிளக் சாக்கடையில் விழுந்தது.

"இன்னா ஆச்சு? பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன் நான் அவரிடம் கேட்டதில்லை.

"தலை வலிக்குது பாவா" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

குழந்தை விழித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொட்டாவி விட்டாள். மாடி ஜன்னல் திறந்து, "இன்னாம்மா, மறுபடியுமா?" என்று அந்த அம்மாவின் குரல் பதறி வந்தது. எனக்குச் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குப் பாவா ரயிலை விட்டார். பட்டறைக்கும் போகவில்லை. மூன்று பேரும் வாசல்படியில் உட்கார்ந்து வெயில் வருகிறவரை பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தன் பயத்தைப் பற்றி அவர் முதல் தடவையாகப் பேசியது அன்றுதான். தினமும் ரயிலில் உட்கார்ந்ததும் எனக்குப் போன் செய்கிறாரே, அது ஏறிவிட்டேன் என்று சொல்ல இல்லையாம். நான் எடுக்கிறேனா என்று பார்க்கத்தானாம்.

பெண் பேசுவதற்குத் தாமதமானது. மற்றப் பிள்ளைகள் அம்மா, அத்தை, காக்கா என்று சொல்லும் வயதில் இவள் விரலைக் காட்டி உம் உம் என்பாள். எல்லோரும் சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார்கள். நானும் ஆமாம் என்பேன். ராத்திரி அவள் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். டாக்டர்களும் இதனால்தான் என்றும் சொல்லவில்லை, இதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவளே பேச ஆரம்பித்தாள், தமிழும் மாடித் தெலுங்கும் கலந்து.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாப்பா விஷயமாக டீச்சர் நேரில் பார்க்க வேண்டுமாம். நான் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனேன். வழியெல்லாம் மனசு பழைய நடையிலேயே நின்றது. எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள், எழுத வரவில்லை, கணக்கு ஏறவில்லை, ஸ்கேனில் பார்க்க முடியாத அந்த இடம் இப்போது தெரிய ஆரம்பித்துவிட்டது என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போய் நின்றேன்.

டீச்சர் சலித்துக்கொண்டார். "வாயை மூடவே மாட்டேங்கிறாம்மா. பாடம் நடத்த வுட மாட்றா. பக்கத்துல யாரை உக்கார வெச்சாலும் பேசிக்கினே இருக்கறா. நீங்கதான் கொஞ்சம் கண்டிக்கணும்."

கண்டிக்கிறேன் என்று சொன்னேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வகுப்பு ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. யாரிடமோ, அவர்கள் கேட்காத ஒன்றை, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.